உப்பில்லாமல் ஒரு கொலை

செத்தவரின் சட்டைப் பையில் செல்போன் அடித்துக்கொண்டே இருந்தது.

நின்றது. மறுபடி அடித்தது...

எடுக்க வேண்டியவர் குப்பண்ணன். அவரோ தன் தென்னந்தோப்பு மோட்டார் ரூம் வாசலில் குப்புறக் கிடந்தார். பின்மண்டையில் ஒரே அடி. உச்சி வெயில். போலீசுக்கு முன்பே ஈக்கள் வந்துவிட்டன.

அழைத்துக்கொண்டிருந்தவள் கௌசிகா. குப்பண்ணனுடைய அண்ணன் மகன் பிரதீப்பின் மனைவி. சோறு ஆறுகிறது, சாப்பிட வாருங்கள் என்று சொல்லத்தான் அழைத்தாள், பாவம்.

பிரதீப் எங்கே என்கிறீர்களா?

அங்கேயேதான் இருந்தான். பிணத்துக்குச் சற்றுத் தள்ளி, தண்ணீர்த் தொட்டியில் சாய்ந்து, காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். மடியில் மம்பட்டி. மம்பட்டியின் பின்பக்கம் ரத்தம்.

தேங்காய் போட வந்த ஆள் அலறிய அலறலில் பாலக்காட்டு எல்லைக் கிராமமான வடகரப்பதியில் பாதி ஊர் தோப்புக்குள் கூடிவிட்டது. கூடிய ஊர் சும்மா இருக்குமா? விசாரணையை முடித்து, தீர்ப்பும் சொல்லிவிட்டது. பிரதீப்தான். வேறு யார்?

ஊரைக் குறை சொல்லவும் முடியாது. பிரதீப்பின் கோபம் அப்படி. பஸ் கண்டக்டரின் மூக்கை உடைத்தவன். கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளியை மாப்பிள்ளை வீட்டார் மேல் கவிழ்த்தவன். அடிப்பான். அடித்த கையோடு அடிபட்டவன் காலில் விழுந்து அழுவான். என்ன ஜன்மமோ!

இரண்டு வருடத்துக்கு முன்னால் பெற்ற மகள் மேலேயே கையை ஓங்கிவிட்டான். குழந்தை கண்ணை இறுக்க மூடிக்கொண்டு நின்றது. அந்த முகத்தைப் பார்த்தவன், யாரும் சொல்லாமல் தானாகவே பாலக்காட்டுக்கு பஸ் ஏறி மனநல டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்தான்.

அன்றிலிருந்து மாத்திரை. அன்றிலிருந்து அந்தக் கை எதன் மேலும் விழுந்ததில்லை.

முந்தாநாள் வரை.

முந்தாநாள் மாரியம்மன் கோயில் முன்னால் குப்பண்ணன், பிரதீப்பின் மச்சான் வேல்முருகனை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி ஏதோ கேட்டுவிட்டார். மச்சானுக்காகப் பரிந்துகொண்டு பிரதீப் ஒரு பிளாஸ்டிக் சேரைத் தூக்கிச் சுவரில் அடித்தான். சேர் உடைந்தது. அடுத்த நிமிடமே சித்தப்பாவின் காலில் விழுந்தான். அவரும் அவனைத் தூக்கி நிறுத்தி, முதுகில் தட்டிக்கொடுத்து அனுப்பினார்.

சேர் உடைந்தது எல்லாருக்கும் ஞாபகம் இருந்தது. காலில் விழுந்தது ஒருத்தருக்கும் ஞாபகம் இல்லை.

போலீஸ் ஜீப் தோப்புக்குள் நுழைந்தது.

இறங்கியவள் எஸ்.ஐ. ஜானவி. கல்பாத்தி அக்ரகாரத்துப் பெண். பாங்க் வேலைக்குப் போவாள் என்று வீடே காத்திருக்க, காக்கியை மாட்டிக்கொண்டு வந்து நின்றவள். பின்னால் ஹெட் கான்ஸ்டபிள் மரியஜோசப். குமுளிப் பக்கத்து ஏலத் தோட்டத்தில் பிறந்தவர். எதையும் முதலில் மூக்கால் விசாரிக்கிற ஆள்.

ஜானவி பிரதீப்பின் முன்னால் குனிந்தாள். அவன் கைகள் வெடவெடவென்று ஆடின. சட்டையெல்லாம் வாந்தி. கண் எங்கோ செருகியிருந்தது. கள்ளு... மூக்கு முட்டக் கள்ளு என்று ஊர் முணுமுணுத்தது.

மரியஜோசப் அவன் வாயருகே மூக்கை வைத்தார்.

"கள்ளு வாசம் இல்ல மேடம். எனக்குத் தெரியாத கள்ளா?"

"பிரதீப்... இங்கே பாருங்கோ. என்ன நடந்தது?"

அவன் உதடு கோணியது. வார்த்தை குழறிக் குழறி வந்தது.

"நா... நாந்தானுங்க... அடிச்சிருப்பேன்..."

"அடிச்சேளா, அடிச்சிருப்பேளா?"

"தெரீலீங்க... என்ற கைதானுங்க... அது சொன்ன பேச்சுக் கேக்காதுங்க..."

அதைச் சொல்லிவிட்டு அவன் தன் கைகளைப் பார்த்தான். அடுத்தவன் கையைப் பார்ப்பது போலப் பார்த்தான். பிறகு ஜானவியை நிமிர்ந்து பார்த்து, அவள் இத்தனை வருட வேலையில் எந்தக் குற்றவாளியும் கேட்காத ஒன்றைக் கேட்டான்.

"நான் அடிச்சனுங்களா...? நீங்களாச்சும் சொல்லுங்க மேடம்."

அப்படியே சரிந்து விழுந்தான்.

ஜீப்பிலேயே அவனைப் பாலக்காடு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள் ஜானவி. கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடி வந்த கௌசிகா, ஜீப்பின் பின்னால் தலைவிரி கோலமாக ஓடினாள். அவளைப் பிடித்து நிறுத்தி, தோளில் சாய்த்துக்கொண்டவன் அவள் அண்ணன் வேல்முருகன்.

இந்த வேல்முருகனைப் பற்றி இரண்டு வார்த்தை. தங்கமான மனுசன் என்று ஊரே சொல்லும். குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. தங்கை வீட்டிலேயே தங்கி, டேங்கர் லாரி ஓட்டுகிறான். மாப்பிள்ளையை ஆஸ்பத்திரிக்கு ஒவ்வொரு தடவையும் கூட்டிப்போனவன் அவன்தான். மருந்து வாங்கி வந்தவனும் அவன்தான்.

மரியஜோசப் மோட்டார் ரூமைச் சுற்றி ஒரு நடை போய்விட்டு வந்தார். முகத்தில் ஏதோ உறுத்தல்.

"மேடம், கோவக்காரன் மூஞ்சிக்கு நேரா அடிப்பான். நாலஞ்சு அடி அடிப்பான். இது பின்னாடியிருந்து ஒரே அடி. அதுகூடப் போகட்டும்... மம்பட்டிக் காம்பைப் பாத்தீங்களா? சேறு இல்ல, வேர்வை இல்ல. பளிச்சுன்னு தொடச்சிருக்கு."

"ம்..."

"இன்னொண்ணு. பின்னாடி பாழுங்கிணத்துல அஞ்சாறு இளநி கெடக்கு. இளநியோட மேல்கண்ணை மட்டும் தொறந்து குடிச்சிருக்காங்க. ஒண்ணைக்கூடப் பொளக்கல."

தென்னந்தோப்பில் இளநீர் குடிக்கிறவன் மட்டையில் ஒரு சீவு சீவி, இரண்டாகப் பிளந்து, வழுக்கையை வழித்துத் தின்பான். மிச்சம் மாட்டுக்குப் போகும். வழுக்கையோடு முழுசாகக் கிணற்றில் வீசுகிற ஊதாரி இந்த ஊரில் பிறக்கவில்லை.

எல்லாவற்றையும் சாக்கில் கட்டச் சொன்னாள் ஜானவி.

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரியில் டாக்டர் யக்ஞநாராயணன் அவளை வராந்தாவுக்கு அழைத்துப் போனார். அவரும் கல்பாத்தி. பிரதீப்புக்கு இரண்டு வருடமாக வைத்தியம் பார்ப்பவர்.

"ஜானவி, இவன் குடிக்கலை. லித்தியம் ஏறியிருக்கு. ரத்தத்துல இருக்க வேண்டியதைப்போல மூணு பங்கு. நான் கொடுத்த மருந்துதான்... விஷமா நிக்கறது."

"அந்த மருந்து எதுக்காக்கும் மாமா?"

அவர் பொறுமையாகச் சொன்னார். பிரதீப்புக்கு இருப்பது ஆளுமைக் கோளாறு. பைத்தியம் இல்லை, கெட்ட புத்தியும் இல்லை. முணுக்கென்று வருகிற கோபம் யோசிக்கவே விடாது. இதற்கென்று தனியாக மாத்திரை கிடையாது. வேறு வியாதிக்கு வந்த மருந்துகளில் சில, சில பேருக்குக் கேட்கும். இவனுக்கு லித்தியம் கேட்டது.

"கோபத்தை அது அழிக்காது கேட்டியோ. கை ஓங்கறதுக்கும் அடி விழறதுக்கும் நடுவில ஒரு மூச்சு விட நேரம் கொடுக்கும். அந்த ஒரு மூச்சுலதான் அவன் ரெண்டு வருஷம் மனுஷனா இருந்தான்."

"இன்னிக்கு இவனால கொலை பண்ணியிருக்க முடியுமா?"

"இந்த அளவு ஏறினவனை எழுந்து நிக்க வைக்கவே ரெண்டு பேர் பிடிக்கணும். மம்பட்டியைத் தூக்கறதாவது!"

ஜானவிக்கு மூச்சு சீரானது. ஆனால் அடுத்த கேள்வி இருந்ததே... மருந்து எப்படி ஏறியது?

அதற்கு இரண்டு வழி என்றார் டாக்டர். ஒன்று, மாத்திரையை அதிகமாக விழுங்க வேண்டும். இல்லையென்றால், சாப்பாட்டில் உப்பை நிறுத்த வேண்டும். உடம்பில் உப்பு குறைந்தால் சிறுநீரகம் லித்தியத்தை வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். முதல் நாளே இதைப் பிரதீப்பிடம் சொல்லியிருக்கிறார். கூட வந்த மனைவியிடமும் மச்சானிடமும் சொல்லியிருக்கிறார்.

மறுநாள் காலை டாக்டர் போன் செய்தார். வந்த உடனே, சலைன் ஏற்றுவதற்கு முன்பே எடுத்த சிறுநீரின் ரிசல்ட் வந்திருந்தது. அதில் ஒரு விஷயம் சொன்னார். ஜானவி போனைக் காதில் வைத்தபடியே எழுந்து நின்றுவிட்டாள்.

அது என்ன விஷயமா? இப்போதே சொன்னால் நீங்கள் புத்தகத்தை மூடிவிடுவீர்கள். ஒரு வீட்டுக்குப் போய்விட்டு வந்து சொல்கிறேன்.

பிரதீப்பின் வீடு. மாரியம்மன் நோன்பு சாட்டி, கோயில் முன்னால் ஆத்தா இறங்கும் கம்பத்தை நட்டிருந்ததால் வாசலில் வேப்பிலைத் தோரணம். சமையலறை மேல்பலகையில் உப்புச்சாடியின் வாயை மஞ்சள் துணியால் கட்டித் தூக்கி வைத்திருந்தார்கள்.

இந்த வருடம் இந்த வீட்டில் உப்பில்லா விரதம். பிரதீப்பின் கோபம் அடியோடு தணிய வேண்டுமென்று நேர்ந்துகொண்டது. ஒருத்தர் நேர்ந்தால் போதும், அடுப்பு ஒன்றுதானே... வீட்டுக்கே உப்பில்லை. நோன்பு முடிகிறவரை உப்புச்சாடியைத் தொட்டால் ஆத்தா பொறுக்க மாட்டாள் என்பது அந்த ஊரில் சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

மரியஜோசப்புக்கு மோர் கொடுத்தார்கள். ஒரு வாய் குடித்தார். முகம் அஷ்டகோணலானது. டம்ளரை மரியாதையாகக் கீழே வைத்தார்.

கௌசிகா சுவரோரம் சுருண்டு உட்கார்ந்திருந்தாள். நேற்றுக் கலைந்த தலையை இன்னும் முடியவில்லை. அவளுக்குப் பக்கத்தில் வேல்முருகன்.

ஜானவி நேராக ஆரம்பித்தாள். பிரதீப்பின் ரத்தத்தில் மருந்து விஷமாக ஏறியிருக்கிறது. நிற்கக்கூட முடியாதவன் கொலை செய்யவில்லை. யாரோ அவனை அந்த நிலைக்குக் கொண்டுவந்து, சித்தப்பாவையும் தீர்த்துவிட்டு, மம்பட்டியை மடியில் வைத்திருக்கிறார்கள்.

வேல்முருகன் கன்னத்தில் போட்டுக்கொண்டான். "ஆத்தா... எம் மாப்ள செய்யலீங்களா! நல்ல சேதி சொன்னீங்க மேடம்." கண்ணைத் துடைத்துக்கொண்டான். பிறகு தங்கையைப் பார்த்தான். நிலத்தைப் பார்த்தான். தயங்கினான்.

"என்ன வேல்முருகன்? சொல்ல வந்ததைச் சொல்லுங்கோ."

"சொல்றதுக்கே சங்கடமா இருக்குதுங்க... உப்பு கொறஞ்சா அந்த மருந்து ஏறிக்கும்னு டாக்டர் எங்க ரெண்டு பேத்துகிட்டயும் சொன்னாருங்க. நாந்தேன் லாரியோட அலையறவன், மறந்துட்டனுங்க. ஆனா சமையல் பூரா இவதானுங்க. உப்பில்லாத சோத்த தெனமும் போட்டது இவதானுங்க." குரல் தழுதழுத்தது. "செத்துப்போன சின்ன மாமா இவளக் கண்டபடி பேசுவாருங்க. ஏனம்மிணி... இப்படிப் பண்ணிப்போட்டயே?"

பார்த்தீர்களா? கூடப் பிறந்தவளை எவ்வளவு பதமாக எடுத்து வைக்கிறான் என்று!

கௌசிகா தலையைத் தூக்கினாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"ஆமாங்க," என்றாள். "நாந்தானுங்க கொன்னுட்டேன்."

மரியஜோசப் நிமிர்ந்தார். வேல்முருகன் கண்ணை மூடிக்கொண்டான்.

"எப்படிக் கொன்னே?" என்றாள் ஜானவி.

"அதச் சொல்ல மாட்டனுங்க. என்னைக் கூட்டீட்டுப் போங்க. ஊருக்கு முன்னால மட்டும் சொல்லச் சொல்லாதீங்க. ஆத்தா இன்னும் கம்பத்துல இருக்கறா... எம் புள்ளையையும் எடுத்துக்குவா."

ஜானவி எழுந்து போய் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"கௌசிகா. பிரதீப் நேத்திக்கு என்னைக் கேட்ட ஒரே கேள்வி, நான் அடிச்சேனான்னுதான். அவனுக்கு நான் பதில் சொல்லணும். நீ வாயைத் திறந்தாத்தான் முடியும். ஆத்தாகிட்ட நான் பேசிக்கறேன். சொல்லு."

கௌசிகா முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். வார்த்தை உடைந்து வந்தது.

"உப்புப் போட்டுட்டனுங்க..."

"என்னது?"

"விரதத்துல உப்புப் போட்டுட்டனுங்க! மொத நாளு உப்பில்லாத களி போட்டேன். அன்னிக்கு ராத்திரி பூரா டாக்டர் சொன்னதுதான் காதுல கேட்டுது. விரதத்த உடுங்கன்னா எங்க வூட்டுக்காரரு கேக்க மாட்டாரு... எம் புள்ளைக்காக இருக்கறேன்ம்பாரு. அதனால மறுநாள்ல இருந்து அவர்ற சோத்துல மட்டும் உப்புப் போட்டேன். மஞ்சத்தூள் டப்பாவுக்குள்ள ஒளிச்சு வெச்சு, தெனமும் போட்டேன். ஆத்தாளுக்குத் தெரிஞ்சு போச்சு. அதுக்குத்தான் சின்ன மாமாவ எடுத்துக்கிட்டா. எங்க வூட்டுக்காரரையும் படுக்கப் போட்டுட்டா. நாந்தானுங்க கொன்னேன்... நாந்தான்..."

சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதாள்.

வேல்முருகனின் கண்கள் திறந்துகொண்டன.

அந்த முகத்தில் முதன்முதலாக ஏதோ ஒன்று கலைந்தது. எந்தக் கொங்குப் பெண்ணும் மாரியாத்தாளுக்கு நேர்ந்த விரதத்தை மீற மாட்டாள்... மருந்து ஏறினால் பழி உப்பில்லாச் சோற்றின் மேல்தான் விழும் என்ற அவன் கணக்கே அதை நம்பித்தான் நின்றது. அந்தக் கணக்கில் கௌசிகா ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுவிட்டாள்.

இப்போது சொல்கிறேன், டாக்டர் போனில் சொன்ன விஷயத்தை. பிரதீப்பின் சிறுநீரில் உப்பு தாராளமாக இருந்தது. உப்பில்லாமல் சாப்பிட்டவனுக்கு அப்படி இருக்காது.

ஜானவி தொப்பியை மாட்டிக்கொண்டு எழுந்தாள்.

"அழாதே கௌசிகா. நீ உப்புப் போட்டதாலதான் அவன் உயிரோட இருக்கான். உப்பு குறையலை. ஆனா மருந்து ஏறியிருக்கு. அப்போ யாரோ மாத்திரையை அதிகமாக் கொடுத்திருக்கா. அவனுக்கு நீ போட்ட சோறு தவிர வேற என்ன போச்சு உள்ளே?"

கௌசிகா விசும்பியபடி யோசித்தாள்.

"ஒண்ணுமில்லீங்க... காலைல வெறும் வயித்துல ஒரு எளநி. விரதக்காரருக்குக் குளுமைன்னு தெனமும் தோப்புல வெட்டிக் குடுப்பாங்க."

"யாரு?"

பதில் உதடு வரை வந்தது. அங்கேயே நின்றது. மெதுவாகத் தலையைத் திருப்பினாள்.

"அண்ணா...?"

வேல்முருகன் வாசலைப் பார்த்தான்.

"இந்த விரதத்தையும் நீதான அண்ணா இருக்கச் சொன்னே?"

மரியஜோசப் வாசலை மறைத்துக்கொண்டு நின்றார். அவர் விடிகாலையிலேயே ஒரு வேலையை முடித்துவிட்டு வந்திருந்தார். கொலை நடந்த நேரத்தில் டேங்கரில் கோயமுத்தூர் ரோட்டில் இருந்ததாகச் சொல்லியிருந்தான் வேல்முருகன். லாரி கிளீனரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார் மரியஜோசப். லாரி அன்று தோப்புக்குப் பின்னால்தான் நின்றது என்று அவன் சொல்லிவிட்டான். லாரியில் டிரைவர் சீட்டுக்கு அடியில் கைவிட்டால்... வெறும் மாத்திரை அட்டைகள். பிரதீப்பின் மருந்துச் சீட்டைக் காட்டி நாலைந்து மருந்துக் கடைகளில் வாங்கியவை. மாத்திரையைப் பொடித்துக் கரைத்துக் கொடுத்ததால்தான் அந்த இளநீர்களைப் பிளக்கவில்லை; வழுக்கையில் என்ன ஒட்டியிருக்கிறது என்பதை லேப் சொல்லிவிடும்.

எதற்காக? பாழுங்கிணறு இல்லை, மோட்டார் போட்டிருக்கும் தோப்புக் கிணற்றுக்காக. எந்தக் கோடையிலும் வற்றாத கிணறு. டேங்கர் டேங்கராக ஏற்றி விற்க வேல்முருகன் கேட்டிருந்தான். குடிக்கக் கேள், ஊரே வந்து குடிக்கட்டும், லாரியில் ஏற்ற விடமாட்டேன் என்று கோயில் முன்னால் வைத்துக் குப்பண்ணன் சொன்னது அதைத்தான். குப்பண்ணனுக்குப் பிள்ளை இல்லை, தோப்பு பிரதீப்புக்குத்தான் வரும். அவர் போய், பிரதீப்பும் ஜெயிலுக்கோ சுடுகாட்டுக்கோ போய்விட்டால், தோப்பைப் பார்த்துக்கொள்ளத் தங்கமான அண்ணனை விட்டால் யார் இருக்கிறார்கள்?

"ஒரு கொலைக்கு ரெண்டு பேர் ஒப்புத்துண்டாச்சு," என்றாள் ஜானவி. "ரெண்டு பேரும் பண்ணலை. ஒப்புத்துக்காத ஆள் இந்த வீட்டில நீங்க ஒருத்தர்தான்."

அப்போதும் அவன் குரலை உயர்த்தவில்லை.

"மேடம், ஊர்ல யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க. நான் இதுவரைக்கும் ஒருத்தரக் கோவமாப் பேசுனதில்லீங்க."

"கேட்டுட்டேன். திடுக்குனு வர்ற கோபத்துக்காவது ஏதோ ஒரு மாத்திரை இருக்கு. கோபமே இல்லாம, நாள் பார்த்து, தங்கையையும் சேர்த்துக் கணக்குப் போட்டுக் கொல்றதுக்கு டாக்டர்கிட்ட மருந்து இல்லையாம். அதனாலதான் ஜீப்பைக் கொண்டு வந்தேன்."

கைவிலங்கு பூட்டப்பட்டது.

கௌசிகா அவனைத் திட்டவில்லை. மண்ணை வாரித் தூற்றவில்லை. அவன் முன்னால் வந்து நின்று ஒன்றே ஒன்று கேட்டாள்.

"என்னையுமாண்ணா?"

தங்கமான மனுசன் தரையைப் பார்த்துக்கொண்டே ஜீப்பில் ஏறினான்.

பிரதீப் தெளிந்து கண் விழித்தது, நோன்பு முடிந்து கம்பத்தை ஆற்றில் விட்ட அன்று. ரத்தத்தைச் சுத்தம் செய்து பிழைக்க வைத்திருந்தார்கள். கட்டிலருகே கௌசிகா. கால்மாட்டில் ஜானவி. கதவோரம் மரியஜோசப்.

பிரதீப் வேறு யாரையும் பார்க்கவில்லை. ஜானவியைத்தான் பார்த்தான்.

"நான் அடிச்சனுங்களா?"

"இல்லை பிரதீப். நீங்க அடிக்கலை."

அவன் இரண்டு கைகளையும் முகத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு அந்தக் கைகளாலேயே முகத்தை மூடிக்கொண்டு, சித்தப்பா சித்தப்பா என்று அழுதான். மரியஜோசப் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மச்சானைப் பற்றிச் சொன்னபோது அவன் கை முறுக்கியது. கட்டில் கம்பியைப் பிடித்தான். எல்லாரும் பயந்தார்கள். ஒரு மூச்சு விட்டான். பிடி தளர்ந்தது. லித்தியத்தை நிறுத்திய பிறகும், அந்த ஒரு மூச்சு அவனிடம் மிச்சம் இருந்தது.

கௌசிகாவால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. அவன் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் உங்களுக்குத் துரோகம் பண்ணிப்போட்டனுங்க. விரதச் சோத்துல உப்புப் போட்டேன்..."

"தெரியும்," என்றான் பிரதீப்.

"தெரியுமுங்களா?"

"எனக்கு நாக்கு இல்லயா கௌசி? ஆத்தாகிட்டயே பொய் சொல்லீட்டு எனக்குச் சோறு போடறே. அதுக்கு மேல உன்னை என்னத்தக் கேக்கறதுன்னு பேசாமத் தின்னேன்."

அவள் அவன் காலை விட்டு நிமிர்ந்தாள். அவன் வறண்ட உதட்டை நக்கிக்கொண்டான்.

"ஆனா ஒண்ணு அம்மிணி... ஒளிச்சுப் போடறவ அளவாப் போட மாட்டயா? ஒரே கரிப்பு. அதத் தின்னும் எனக்குக் கோவம் வராம இருந்தது அந்த மாத்திரையாலன்னா, டாக்டருக்கு ஒரு கோயிலே கட்டலாம்!"